பிரேக்கைத் தொடாத கால்

கார் எலெக்ட்ரீஷியன்களில் இரண்டு வகை உண்டு. வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் ஸ்கேனரைச் செருகி, அதன் திரையில் வருவதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்கள் ஒரு வகை. ஓட்டி வந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்து, "சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்று காது கொடுத்துக் கேட்கிறவர்கள் இன்னொரு வகை. ஷாக் இரண்டாவது வகை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. உண்டு என்பதைவிட, இருந்தது என்று சொல்வதுதான் சரி.

ஷாக் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஓடுகிற இன்ஜினின் இக்னிஷன் வயரில் கை வைத்து, பின்னால் இருந்த ஆயில் டப்பாவில் போய் உட்கார்ந்தான். அன்று ஒட்டிக்கொண்ட பெயர், தலை நரைத்த பிறகும் போகவில்லை.

"வண்டிக்கு ஏது வாய்? வண்டிக்காரர்தான் சொல்லணும்" என்பது அவன் ஓயாமல் சொல்லும் பேச்சு. ஒரு தடவை ஓர் ஆள் வந்து, மாமியார் ஏறினால் மட்டும் கார் ஸ்டார்ட் ஆவதில்லை என்றார். மற்ற பட்டறைகளில் சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஷாக் சிரிக்கவில்லை, சிரித்தான், ஆனால் அவர் போன பிறகு. அந்த அம்மாள் எந்தப் பக்கம் உட்காருவார் என்று விசாரித்துப் பின்சீட்டைக் கழற்றிப் பார்த்தால், அடியில் பெட்ரோலை இன்ஜினுக்கு ஏற்றுகிற பம்புக்குப் போகிற வயர் தோல் உரிந்து கிடந்தது. அம்மாள் நல்ல கனம். உட்கார்ந்ததும் சீட்டுக் கம்பி வயரில் இடித்துவிடும். இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, டீ கொண்டுவருகிறவருக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

இப்போது அதை அவன் யாரிடமும் சொல்வதில்லை. அத்தான் விஷயத்துக்குப் பிறகு நின்றுபோனது.

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். தொலைதூர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷாக்குக்கு மீசை அரும்பாத வயதில் அந்தக் குடும்பத்துக்குள் வந்து, அவனுக்கு முதல் ஸ்பேனர் செட் வாங்கிக் கொடுத்தவர். பிரேக் போட்டால் கடைசி சீட்டில் தூங்குகிறவன் கண் விழிக்கக் கூடாது, அதற்குப் பெயர்தான் டிரைவிங் என்பார். வெறும் வாய்ச்சவடால் இல்லை. அவர் பஸ்ஸில் ஷாக் போயிருக்கிறான். ஊர் வந்த பிறகு தட்டித்தான் எழுப்பினார்கள். "எனக்கு மூளை காலில்தான் மாப்ளே" என்று வலது காலைத் தட்டிச் சிரிப்பார். சுகர் உண்டு. அது தனக்கு இருப்பதாக அவர் நினைப்பதில்லை. மாத்திரையை அக்கா எடுத்துக் கையில் கொடுத்தால் போடுவார், இல்லையென்றால் இல்லை.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய கார் வாங்கினார். அதில் க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தது. நெடுஞ்சாலையில் வேண்டிய வேகத்துக்கு வந்ததும் ஸ்டியரிங்கில் ஒரு பட்டனை அழுத்தினால் போதும். காலை எடுத்துவிடலாம், கார் அதே வேகத்தில் தானே போகும். பிரேக்கில் கால் பட்டால் மட்டும் விட்டுவிடும். அவருக்கு அது புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. மகள் வேறு நகரத்தில் இருந்தாள், கைக்குழந்தை நடைபழகி, பேச ஆரம்பித்திருந்த சமயம். வாரக் கடைசி ஆனால் போதும், அக்காவை ஏற்றிக்கொண்டு பேத்தியைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். அக்காவும் அவரும் வாழ்க்கையில் சேர்ந்து ஊர் சுற்றியது அப்போதுதான். பஸ் ஓட்டிய காலமெல்லாம் அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

அந்தக் க்ரூஸ்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

"பத்து நிமிஷம் ஒழுங்கா போவுது மாப்ளே. அப்புறம் டக்குனு விட்டுடுது. திரும்பப் போடறேன், திரும்ப விட்டுடுது. இதென்ன கழுதையா?" என்று பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து அத்தான் குமுறினார்.

"பிரேக்ல கால் பட்டுதா அத்தான்?"

"இதை நீ கேக்கற பாரு."

"கேக்கணுமில்ல."

"படலை. என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

காருக்குள் உட்கார்ந்திருந்த அக்கா, "பட்டிருக்கும்னுதான் நானும் சொல்றேன், கேட்டாத்தானே" என்றாள்.

"லைசென்ஸ் எடுக்காதவங்க எல்லாம் பேசக் கூடாது" என்றார் அத்தான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஷாக் முறைப்படி வேலையை ஆரம்பித்தான். ஃபியூஸ் பார்த்தான், ஸ்டியரிங் பட்டன்களைப் பார்த்தான், சக்கரத்து வேகத்தை அளக்கிற சென்சாரைக் கழற்றித் துடைத்தான். எல்லாம் சரி. கடைசியில் ஸ்கேனரைச் செருகினான். க்ரூஸ் கடைசியாக எதனால் நின்றது என்று அந்தக் காரின் கம்ப்யூட்டர் குறித்து வைக்கும். அதில் இருந்தது ஒரே காரணம்: பிரேக் மிதிக்கப்பட்டது. முந்தைய தடவை? பிரேக். அதற்கு முந்தையது? அதுவும் பிரேக்.

ஒரு பக்கம் அத்தான், மறுபக்கம் மெஷின். யாரை நம்புவது என்று ஷாக் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அத்தான் தொடவில்லை என்றால் தொடவில்லை. அப்படியானால் பெடலுக்கு மேலே இருக்கிற பிரேக் சுவிட்ச்தான் பொய் சொல்கிறது. பெடல் அசைந்தால் பின்னால் சிவப்பு விளக்கைப் போடுவதும் அதுதான், க்ரூஸை நிறுத்துவதும் அதுதான். பழசானால் அது கிறுக்குப் பிடித்து ஆடுவதும் உண்மைதான், எத்தனையோ வண்டியில் அவனே பார்த்திருக்கிறான். புது சுவிட்ச் வாங்கி மாட்டினான். பழையதைக் கழற்றியதும் மீட்டரை வைத்துச் சோதித்திருந்தால் அது நல்ல சுவிட்ச் என்று தெரிந்திருக்கும். வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் சோதித்திருப்பான். அத்தானே சொல்லிவிட்டாரே என்று குப்பைத் தொட்டியில் போட்டான்.

கார் போன பிறகு பார்த்தால், பட்டறை வாசலில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. வலது கால் செருப்பு. ஷாக் அக்காவுக்கு போன் போட்டான்.

"அக்கா, அத்தான் ஒரு செருப்பை இங்கயே விட்டுட்டாரு."

அக்கா குனிந்து அவர் காலைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, ஆமாடா! ஒத்தைச் செருப்போட ஓட்டிக்கிட்டு இருக்காரு. அதுகூடத் தெரியலை மனுஷனுக்கு!"

"ஷூ வாங்கிப் போடச் சொல்லு. அதுதான் கழலாது" என்று ஷாக்கும் சிரித்தான்.

அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒருவர், தன் கால் பிரேக்கில் படவில்லை என்று சத்தியம் செய்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் படிப்பு எதுவும் தேவையில்லை. மாமியாரையும் வயரையும் சேர்த்துப் பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. செருப்பை அலமாரியில் பழைய பேட்டரிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனான்.

புது சுவிட்ச் போட்டும் க்ரூஸ் விட்டுக்கொண்டேதான் இருந்தது. அத்தான் திரும்ப வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. காலில் புது ஷூ இருந்தது. அக்கா கூட வரவில்லை.

"உங்க அக்கா வழியெல்லாம் நச்சரிப்பு. உங்க கால்தான், உங்க கால்தான்னு. மக கிட்ட வேற சொல்லியிருக்கா. அவ என்னைப் போன்ல கூப்பிட்டு, 'அப்பா, இனிமே நீங்க ஓட்ட வேண்டாம், பஸ்ல வாங்க'ங்கறா. என்னை! பஸ்ல வான்னு!" அத்தான் ஸ்டூலில் உட்காரவில்லை. காரைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். "நீ சொல்லு மாப்ளே. என்னால ஓட்ட முடியாதா?"

"யாரு சொன்னது?"

"அப்போ இதைச் சரி பண்ணிக் குடு. இது சரியானாத்தான் அவங்க வாய் அடங்கும்."

ஷாக் ஸ்கேனரைப் பார்த்தான். பிரேக், பிரேக், பிரேக். அவனுக்கே கொஞ்சம் உறுத்தியது. ரோட்டில் ஒரு சுற்றுப் போய்ப் பார்க்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அத்தானின் முகத்தைப் பார்த்ததும் மென்று முழுங்கிவிட்டான். ஸ்பேனர் செட் வாங்கிக் கொடுத்தவரைப் பக்கத்தில் உட்கார்ந்து வேவு பார்ப்பதா?

அதற்குப் பதிலாக, டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, சுவிட்ச்சைப் பெடலை நோக்கி ஒரு கடுகளவு நகர்த்தி வைத்து முடுக்கினான். பெடல் தன்னைவிட்டு விலகினால்தான் அந்தச் சுவிட்ச் விழிக்கும்; வேலை அவ்வளவுதான். இனி பெடல் லேசாக அசைந்தால் சுவிட்ச்சுக்குத் தெரியாது. அழுத்தி மிதித்தால்தான் தெரியும். ரோட்டுக் குலுக்கலில் பெடல் ஆடுகிறது போல, அதற்கு இது போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சொன்னதை நம்பவும் செய்தான்.

அடுத்த வாரமே போன் வந்தது. அத்தானின் குரலில் பழைய எகத்தாளம். "மாப்ளே, வெண்ணெய் மாதிரி போவுது! வீட்டுல இருந்து பேத்தி வீடு வரைக்கும் ஒரு தடவைகூட விடலை. உங்க அக்காவைப் பேசச் சொல்லு பாப்போம் இப்போ!"

ஷாக்குக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வந்தவர்களிடமெல்லாம், மாமியார் கதையோடு சேர்த்து இதையும் சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து அக்காவே போன் பண்ணினாள். "தம்பி, தூரமா போயிட்டு வந்தா முன்னாடி சக்கரத்துல ஏதோ கருகற வாசனை வருது. சொன்னா, உன் தம்பியே பாத்துட்டான், நீ என்ன புதுசாங்கறாரு. நீ ஒரு தடவை வரச் சொல்லேன்."

வந்தார்கள். ஷாக் முன்சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் பேட் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அது கவ்விப் பிடிக்கிற டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. மலைச் சாலையில் பாரம் ஏற்றி இறங்குகிற லாரியில்தான் அவன் இப்படிப் பார்த்திருக்கிறான். நேர் ரோட்டில் க்ரூஸ் போட்டுப் போகிற காரில் பிரேக் எப்படித் தேயும்? கார் தானாக வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓட, ஏதோ ஒன்று அதே நேரத்தில் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே இருந்தால் தேயும். அவன் அத்தானைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

புது டிஸ்க்கும் பேடும் மாட்டினான். "வாங்க அத்தான், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றான், பேச்சு சாதாரணமாக வரவேண்டுமே என்று கவலைப்பட்டுக்கொண்டு.

ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினார்கள். அத்தான் ஓட்டினார், பக்கத்தில் ஷாக், பின்சீட்டில் அக்கா. வேகம் வந்ததும் அத்தான் பட்டனை அழுத்தினார். கைகள் ஸ்டியரிங்கில் பூப்போல இருந்தன. அப்படி ஓட்ட இன்றைக்கும் யாருக்கும் வராது என்று ஷாக் நினைத்தான். மடியில் ஸ்கேனர் இருந்தது. பிரேக் எண்ணெயின் அழுத்தம் எவ்வளவு என்று அதில் ஓர் எண் ஓடும். பெடலைத் தொடாதபோது பூஜ்யம். கொஞ்ச தூரம் பூஜ்யமாகத்தான் இருந்தது. பிறகு ஒன்றானது. இரண்டானது. அங்கேயே நின்றது.

ஷாக் குனிந்து பார்த்தான். அத்தானின் வலது ஷூ பிரேக் பெடல்மேல் இருந்தது. களைத்தவன் தோளில் சாய்கிற மாதிரி, அழுத்தாமல் சும்மா சாய்ந்திருந்தது.

"அத்தான், கால் எங்க வெச்சிருக்கீங்க?"

"கீழதான். தரையில."

"பிரேக்ல இல்லையே?"

"இல்லை மாப்ளே. ஏன், திரும்பவும் ஏதாவது காட்டுதா?"

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குரலில் பொய்யே இல்லை. தரையில் இருக்கிறது என்று அவர் மனதார நம்பினார். பின்சீட்டிலிருந்து அக்காவும் எட்டிப் பார்த்துவிட்டாள் என்பது, அவள் மூச்சை இழுத்த சத்தத்தில் தெரிந்தது.

"ஓரமா நிறுத்துங்க அத்தான்" என்றான் ஷாக். "ஒரு வயரைப் பாக்கணும்."

அத்தான் ஓரமாக நிறுத்தியதும் ஷாக் இறங்கிப் போய், அவர் பக்கக் கதவைத் திறந்து, காலருகே மண்டியிட்டான். வயரைப் பார்ப்பதுபோல் அந்த ஷூவை விரலால் அழுத்தினான். அத்தான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலமாக அழுத்தினான். அத்தான், "ஆச்சா?" என்றார்.

ஷூவைக் கழற்றினான். உள்ளே நசநசவென்று ஈரம். காலுறை பாதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது, நாற்றமும் வந்தது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டியதும் ஒரு சின்னப் பொருள் ரோட்டோரத்தில் விழுந்தது. பொம்மைக் காரின் பிளாஸ்டிக் சக்கரம், அதன் இரும்புக் கம்பியோடு. வாசலில் இருக்கிற ஷூவுக்குள் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு வைப்பது பேத்தியின் அப்போதைய விளையாட்டு. அவர்கள் மகள் வீட்டிலிருந்து திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. நான்கு நாளும் அந்தக் கம்பிமேல் அவர் நடந்திருக்கிறார்.

அத்தான் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். "வலிக்கவே இல்லையே" என்றார்.

மருத்துவமனைக்கு ஷாக்தான் ஓட்டிக்கொண்டு போனான். சுகர் நரம்பைத் தின்றுவிட்டது, உணர்ச்சி போய் ரொம்ப நாளாகியிருக்கும் என்றார் டாக்டர். சீழ் எலும்பு வரைக்கும் ஏறியிருந்தது. சில மாதங்களுக்கு முன்பே காலைக் காட்டியிருந்தால், பாதத்தைத் தினமும் பார்த்துக் காப்பாற்றக் கற்றுக் கொடுத்திருப்போம், இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார். "முன்னாடியே எந்த அறிகுறியும் தெரியலையா?" என்று கேட்டார். ஷாக் சுவரைப் பார்த்தான். வலது பாதத்தில் பாதியை எடுத்தார்கள்.

தெரியாமல் என்ன? ஒவ்வொரு வாரமும் தெரிந்தது. கால் மரத்துப்போய்விட்டது என்று அந்தக் கார்தான் முதலில் கண்டுபிடித்தது. அதற்குத் தெரிந்த ஒரே விதத்தில், க்ரூஸை விட்டுவிட்டு, திரும்பத் திரும்பச் சொன்னது. அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் ஷாக். அவன்தான் மல்லாந்து படுத்து அதன் வாயை அடைத்தான்.

பார்வையாளர் நேரத்தில் ஒரு நாள் போனபோது அத்தான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அக்கா பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். ஷாக்கைப் பார்த்ததும் அத்தான் கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே ஓட்ட முடியாதாம் மாப்ளே. டாக்டர் சொல்லிட்டாரு. பரவாயில்லை." அவர் கண் கலங்கியது. "ஆனா ஒண்ணு. எல்லாரும் என் கால்தான், என் கால்தான்னாங்க. நீ ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் என்னை நம்பினே."

ஷாக் கையை உருவிக்கொள்ளவில்லை. யாராவது ஓங்கி ஓர் அறை விட்டால் தேவலை என்றிருந்தது. அக்கா மடித்த துண்டைப் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

அன்று திரும்பிப் பட்டறைக்கு வந்ததும் அலமாரியிலிருந்த அந்த வலது செருப்பை எடுத்தான். திருப்பிக் கொடுப்பதற்கு இனி அதற்குரிய முழுப் பாதம் இல்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. வைத்த இடத்திலேயே வைத்தான். பிறகு அத்தானின் காருக்குள் படுத்து, சுவிட்ச்சைப் பழைய இடத்துக்கு நகர்த்தி முடுக்கினான்.

மறுவாரம், அத்தானின் பக்கத்தில் மகள் இருந்துகொண்டாள். மருத்துவமனையிலிருந்து அக்காவை அவளுடைய சொந்த வீட்டில் கொண்டுபோய் விட ஷாக் அந்தக் காரிலேயே கிளம்பினான். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தாள். கார் நெடுஞ்சாலையில் ஏறியது.

"அந்தப் பட்டனைப் போடேன்" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா?"

"போடு. பாக்கணும்."

போட்டான். காலை எடுத்தான். கார் தானாகப் போனது.

"இப்போ பிரேக்கைத் தொடு. மிதிக்காதே, சும்மா தொடு."

ஷூ நுனியால் தொட்டான். க்ரூஸ் உடனே விட்டது. கார் தளர்ந்து மெதுவானது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

"சரியா வேலை செய்யுதா?"

"செய்யுதுக்கா."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போன பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

"முதல் நாள் உன்கிட்ட கொண்டு வந்தப்பவும் இப்படித்தானேடா செஞ்சுது?"

"ஆமாக்கா" என்றான் ஷாக்.

மீதித் தூரம் முழுவதையும் அவன் காலாலேயே ஓட்டினான்.